அறளை பெயர்ந்தது என்று எழுதுமுன்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறுவதென்றால் இன்றும் எமக்குக் கால் நடுங்குகிறது. கடைசியாக ஏறியது ஒரு தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு. நடுவில் பேச்சு மறந்துபோய் நின்றோம். முன்வரிசையிலிருந்த ஆசிரியை வாயை மட்டும் அசைத்து அடுத்த வரியை எடுத்துத் தந்தார். ஆகவே மறதியைப் பற்றிப் பேச எமக்குச் சிறிது உரிமை உண்டென்று நினைக்கிறோம்.

அல்சைமர் நோயை வைத்தியர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள் என்று பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். தலைப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து எமது தொலைபேசி ஓயவில்லை. ரொறொன்ரோவிலிருந்து ஒருவர், "அம்மா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுறா" என்றார். லண்டனிலிருந்து ஒருவர், "அப்பா வீட்டுக்காரருக்குக் குடுத்த காசைக் குடுக்கேல்லை எண்டு சண்டை பிடிக்கிறார்" என்றார். இன்னொருவர் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவர் கேட்டது தன்னைப் பற்றி.

முதலில் அவருக்கான பதிலைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு அதே பயம் இருக்கும். நாற்பது, ஐம்பது வயதில் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும், குசினிக்குள் வந்தது எதற்கென்று யோசிப்பதும் பெரும்பாலும் நித்திரையின்மை, கவலை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றம், ஒரே நேரத்தில் நாலு வேலை ஆகியவற்றால் வருவன. தான் மறக்கிறேன் என்று தானே வந்து விபரமாக முறையிடுபவரைப் பற்றி வைத்தியருக்கு வரும் கவலை குறைவு. "எனக்கொண்டும் இல்லை, இவைதான் சும்மா கூட்டிக்கொண்டு வந்தவை" என்று சொல்பவரைப் பற்றித்தான் கூடுதலாக யோசிப்போம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

இனி, எல்லோரும் சொல்லும் ஓர் ஆறுதல். "அம்மாவின்ர ஞாபகத்துக்கு என்ன குறை? 58 கலவரத்தை இண்டைக்கும் அப்படியே சொல்லுவா." இந்த ஆறுதல் பிழையானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யார் பக்கத்தில் நடந்தார்கள், கையில் என்ன இருந்தது என்று எமது வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வோம். அந்த நினைவு மூளையில் எப்போதோ பதிந்து பரவிவிட்டது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியை. எனவே பழையது நிற்கும், இன்று காலை நடந்தது நிற்காது. அம்மா 58 ஐச் சொல்கிறாரா என்று பார்க்கவேண்டாம். அதைக் கால் மணித்தியாலத்துக்கு முன்னரும் சொன்னது அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

எமது ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு. அறளை பெயர்தல். நல்ல சொல்தான், ஆனால் அதற்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டோம். கிழவர் கோபித்தால் அறளை, கிழவி அழுதால் அறளை, பேர் மாறிக் கூப்பிட்டால் அறளை. வீடு சொல்வது போதாதென்று வைத்தியர்களும் அதையே ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதியவர்களில் நாமும் ஒருவர். அந்தக் கதையைச் சொல்லவே இன்று வந்தோம். கேட்பவருக்கு யாரென்று பிடிபடாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் வீதியால் தெற்கே போனால், அளம்பில், செம்மலை தாண்டி நாயாறு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் பாலம். 1984 மார்கழியில் அந்தக் கரையோரத்துச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. பிறகு கடலும் வந்தது, 2004 இல். பிறகு 2009. முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் என்று போய், கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஊருக்குத் திரும்பியவர்களில் ஓர் ஆச்சி. வயது 74 அளவில். அளவில் என்று சொல்வது, பிறப்புச் சான்றிதழ் எந்த இடப்பெயர்வில் போனதென்று அவருக்கே தெரியாது என்பதால்.

ஒரு பேத்தி அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள். கேட்டதற்கு மறுமொழி இல்லை, சொன்னதையே சொல்கிறா, அடுப்பை மறந்து விடுகிறா, கோயிலால் வரும்போது வழி தவறிவிட்டா, இரவில் ஒரு கோப்பை சோறு எடுத்துவைத்து ஒருவரையும் தொடவிடமாட்டா. இதுதான் முறைப்பாடு. அன்று கிளினிக்கில் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர். நடைபாதை வாங்கிலில் வைத்து எம்.எம்.எஸ்.ஈ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கேள்விக்கொத்தைக் கேட்டோம். 1975 இல் அமெரிக்காவில் வெளியான அது உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது. 30 புள்ளிகள். 24 இற்குக் குறைந்தால் யோசி என்பது பொதுவழக்கு. ஆச்சி எடுத்தது 12. கிளினிக் கொப்பியில் டிமென்சியா என்று எழுதினோம். மொத்தம் பத்து நிமிடம்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், வயதில் எமது மாணவி போன்ற பிள்ளை, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "டொக்டர், அந்த ஆச்சி இறால் கணக்கை இன்னும் தான்தான் பாக்கிறா. பேத்தி கணக்கை விட்டாலும் அவ விடமாட்டா."

அடுத்த ஞாயிறு நாயாற்றுக்குப் போனோம். ஆனி மாதம். களப்புப் பக்கமாக ஒரு வேப்பமரத்தடி. "ஆச்சி, இண்டைக்கு என்ன திகதி?" என்று காதருகில் உரத்துக் கேட்டோம். அவர் எம்மை மேலும் கீழும் பார்த்தார். "திகதி எனக்கென்னத்துக்குப் பிள்ளை? வற்றாப்பளைப் பொங்கல் முடிஞ்சு பத்து நாள். சோளகம் எழும்பீட்டுது, தெரியேல்லையோ?" சரியான விடை. எமது படிவத்தில் அதற்குப் புள்ளி இல்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று படிவம் சொல்கிறது. அதை விட்டுவிட்டு, "கிலோ 1200 எண்டால் மூண்டேகால் கிலோ இறால் எவ்வளவு?" என்று கேட்டோம். "மூவாயிரத்துத் தொளாயிரம். உனக்கெண்டபடியா மூவாயிரத்து எண்ணூறு." ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்லமுடியும் என்பது இன்னொரு சோதனை. மீனாக மாற்றிக் கேட்டோம். சூடை, பாரை, விளை, ஓரா, ஒட்டி, திரளி, கீளி, அறக்குளா என்று போய் இருபதைத் தாண்டிவிட்டார், நாம் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

கணக்கும் மீனும் ஆயுள் முழுக்கப் பழகியவை. நோய் வந்தவரிடமும் அவை கொஞ்சக் காலம் தங்கலாம். ஆகவே புதிய நினைவையும் பார்க்கவேண்டும். எழுத்தறிவு தேவைப்படாத வழி ஒன்று உண்டு. ஒரு சீப்பு, ஒரு கரண்டி, ஒரு திறப்பு மூன்றையும் அவருக்குக் காட்டி, அவர் பார்க்கப் பார்க்க மூன்று இடத்தில் ஒளித்தோம். தேத்தண்ணி குடித்தோம். வேறு கதை கதைத்தோம். பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, சீப்பு பெட்டிக்குள், கரண்டி பாய்க்குக் கீழ், திறப்பு உன்ர கைப்பைக்குள் என்று மூன்றையும் சொன்னார்.

பிறகுதான் அந்தச் சோற்றுக்கோப்பையைப் பற்றிக் கேட்டோம். மகனுக்காம். 2009 இற்குப் பிறகு அந்த மகனைக் கண்டவர் இல்லை. மகன் இல்லை என்பதை மறந்துபோனார் என்று முதல் தடவை நாம் விளங்கிக்கொண்டிருந்தோம். "ஆச்சி, மகன் எங்க?" என்று கேட்டோம். அவர் சொன்னது இதுதான்.

"தெரிஞ்சால் நான் ஏன் பிள்ளை சோறு வைக்கிறன்?"

மறதி உள்ளவர் இப்படிப் பதில் சொல்லமாட்டார். நினைவு தப்பாத ஒருவர், விடை கிடைக்காத ஒரு கேள்வியோடு இருப்பது அது. வன்னியில் வேலை செய்யும் வைத்தியர் இந்த வித்தியாசத்தைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

அப்படியானால் 12 புள்ளி எப்படி வந்தது? அன்று அவர் விடிய நாலு மணிக்கு எழும்பி, சீனிக்கு இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு பஸ் ஏறியவர். எமது கேள்வி வந்தது பதினொரு மணிக்கு. செல் சத்தத்தில் ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியாகவும் போயிருந்தது, மிச்சத்தைக் குறும்பி அடைத்திருந்தது. அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. பென்சில் பிடித்து இரண்டு ஐங்கோணங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரையச் சொன்னோம், ஒரு வசனம் எழுதச் சொன்னோம், ஒற்றைத் தட்டுக் கட்டடத்தில் வைத்து எத்தனையாம் மாடி என்று கேட்டோம். கடிக்காகப் பல வருடமாக இரவில் பிரிற்றன் குளிசை. நித்திரைக்கும் நோவுக்கும் வேறொரு இடத்தில் கொடுத்த அமிற்றிப்ரிலின். இரண்டும் மூளையின் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைத் தடுப்பவை. நினைவுக்கு வேண்டிய இரசாயனமே அதுதான். இரத்தத்தில் ரி.எஸ்.எச். கூடியிருந்தது, அதாவது தைரொயிட் சுரப்பி சோர்ந்திருந்தது. வழி தவறியது? கண்ணில் வெண்புரை ஒன்று. மற்றது, 1984 இல் அவர் விட்டுப்போன பாதையில் நின்ற மரங்களும் வேலிகளும் இப்போது இல்லை.

காது துப்புரவாக்கி, பிரிற்றனை நிறுத்தி, அமிற்றிப்ரிலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, தைரொக்சின் தொடங்கி, கண் சத்திரசிகிச்சை செய்து ஆறு மாதம் கழித்து, அமைதியான அறையில் அதே படிவத்தைக் கேட்டோம். 19. இன்னும் எல்லைக்கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அவருக்கு டிமென்சியா இல்லை.

கொப்பியில் எழுதியதை வெட்டினோம். ஊரில் அது வெட்டுப்படவில்லை. அந்த ஆறு மாதத்துக்குள் காணிக் கடதாசியில் அவர் கைநாட்டு வைத்தால் செல்லாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மகனைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கப் போகப் புறப்பட்டபோது, அறளை பெயர்ந்த கிழவி சொல்லுறதை ஆர் கேப்பினம் என்று வீட்டிலேயே மறித்துவிட்டார்கள். மகனைக் கடைசியாகக் கண்ட சாட்சி அவர் ஒருவர்தான். பத்து நிமிடத்தில் நாம் எழுதிய ஒரு சொல் அவருடைய சாட்சியத்தைப் பறித்திருந்தது. பிறகு புதுக் கொப்பி ஒன்றும், நல்ல நினைவோடு இருக்கிறார் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இது எமது தனிப்பட்ட பிழை மட்டும் என்றால் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டோம். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைத் தாண்டிய 1000 பேரை ஆராய்ந்து 2007 இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அதே சனம், அதே மொழி. ஒரு அளவுகோலால் பார்த்தால் 63 வீதம் பேருக்கு டிமென்சியா. இன்னொன்றால் 37.5 வீதம். கல்வியறிவைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் 10.6 வீதம். வைத்தியரின் கண்டிப்பான வரைவிலக்கணப்படி 0.8 வீதம். எமது நாட்டில் ராகமைப் பகுதியில் செய்து 2003 இல் வெளியான ஆய்வு 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 வீதம் என்றது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அல்சைமர் வகை. உலகில் டிமென்சியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எம்போன்ற நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்திலொரு பங்குகூட அவர்களைப் பற்றியதல்ல என்ற குறைபாட்டைப் பெயராகவே வைத்துக்கொண்டு 10/66 என்றொரு ஆய்வுக் குழு 1998 இல் கொச்சினில் தொடங்கியது. படிக்காதவரைப் படிப்பால் அளக்காதே என்பது அவர்களின் வேலையின் சாரம்.

இப்போது மறுபக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது 71. எமது பாடசாலையில் படிப்பித்தவர் அல்லர், தயவுசெய்து யாரென்று தேடவேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில். வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் கதைப்பார்கள், அம்மா நல்லாயிருக்கிறா என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்தான் கூட்டிவந்தார். ரீச்சர் மின்சாரக் கட்டணத்தை ஒரு மாதத்தில் மூன்று தரம் கட்டிவிட்டா. ஒரே நாளில் இரண்டு தரம் கீரை வாங்கினா. நாற்பது வருடமாக அவித்த புட்டுக்கு ஒருநாள் உப்பு இல்லை, மறுநாள் இரண்டு தரம் உப்பு.

ரீச்சர் எடுத்தது 30 இற்கு 27. படிவத்தின்படி அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இழந்த மூன்று புள்ளிகளும் ஒரே இடத்தில். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை. முதலெழுத்தை எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. அப்படி மூன்று சொல் சொன்னதே நினைவில்லை. நடையிலும் பேச்சிலும் பழகுவதிலும் ஒரு குறையும் தெரியாது. நிறையப் படித்தவர்களின் மூளை நெடுநாள் சமாளித்துக் காட்டும். அவர்களைக் கண்டுபிடிக்கும்போது நோய் தூரம் போயிருக்கும். வீடியோ அழைப்பில் பத்து நிமிடம் சிரித்துப் பேசி, சாப்பிட்டீங்களா என்று கேட்டு, பேரப்பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வைப்பதற்குப் புதிய நினைவு எதுவும் தேவையில்லை.

அவருடைய கைப்பையில் ஒரு துண்டு இருந்தது. அழகான எழுத்தில், இன்று செவ்வாய் என்று எழுதியிருந்தது. அவர்தான் நாம் முன்னே சொன்ன விதிவிலக்கு. தனக்கு ஏதோ நடக்கிறதென்று ஒருவருக்கும் சொல்லாமல் அறிந்து வைத்திருந்தார்.

ஆக, வைத்தியர் செய்வது என்ன? சுருக்கமாகச் சொன்னால், ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம். முன்னர் இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்கிறாரா, அது அன்றாட வாழ்வைக் குழப்புகிறதா, வேறு காரணம் இருக்கிறதா. இந்த வரிசையில்தான் கேள்வி. 1989 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஒரு கேள்விக்கொத்து நோயாளரிடம் எதையும் கேட்பதில்லை. அவரை நன்கறிந்தவரிடம், பத்து வருடத்துக்கு முன் இருந்ததோடு பார்த்தால் இப்போது எப்படி என்று கேட்கிறது. கடற்கரையில் வலை பொத்துபவர் கண்ணியைப் பிழையாகப் போடுகிறாரா, பெட்டி இழைப்பவர் பாதியில் நிற்கிறாரா, சீட்டுப் பிடித்தவர் கணக்கில் குழம்புகிறாரா என்று எமது வாழ்க்கைக்கு மாற்றிக் கேட்கலாம். நல்ல முறை. அதற்கு ஒன்று மட்டும் வேண்டும், பத்து வருடத்துக்கு முன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள். நாயாற்றிலும் முள்ளிவாய்க்காலிலும் அந்த ஆளைத்தான் முதலில் தேடவேண்டியிருக்கிறது. கணவர் இல்லை, அயல் இல்லை, பிள்ளை கனடாவில், கூட இருப்பது நேற்று வந்த மருமகள்.

வேறு காரணங்களைத் தேடும் பகுதிதான் எமக்குப் பிடித்தது, ஏனென்றால் அங்கேதான் சுகப்படுத்தக்கூடியவை ஒளிந்திருக்கின்றன. தைரொயிட், விற்றமின் பி12, சீனி, சோடியம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் சாதாரணமானவை. குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்வோம், பார்மசியில் தானாக வாங்கியதும் சேர்த்து. இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது அல்சைமர் அல்ல. சலக்கிருமியோ நிமோனியாவோ உப்புக் குறைவோ தேடவேண்டும், அன்றைக்கே. விழுந்து சில வாரம் கழித்து மந்தமானால் மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். மறதியோடு நடை தடுமாறி, சிறுநீரும் அடக்கமுடியாமல் போனால் மூளைநீர் தேங்கும் வேறொரு நோய். இந்த இரண்டையும் சத்திரசிகிச்சையால் திருத்தலாம். மனச்சோர்வும் மறதி வேடம் போடும், எமது மண்ணில் அதைக் கேளாமல் விடுவது குற்றம்.

இல்லாத ஆட்களைக் காண்பது இன்னொரு சிக்கல். வீட்டுக்குள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லி, கை விறைத்து, நித்திரையில் கத்தி உதைப்பவருக்கு லூயி பொடி டிமென்சியா என்ற வகை இருக்கலாம். அவருக்குப் பேய் என்று பார்வை பார்ப்பதைவிடப் பெரிய ஆபத்து, குழப்பத்தை அடக்கவென்று ஹலோபெரிடோல் கொடுப்பது. அது அவரைக் கட்டிலில் போட்டுவிடும். சீனியும் பிரஷரும் உள்ளவருக்கு மூளை இரத்தக் குழாய்கள் அடைபட்டுப் படிப்படியாக இறங்கும் வகையும் உண்டு. பலரில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும்.

ஸ்கான் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். ஸ்கானில் அல்சைமர் என்று எழுதி வராது. கட்டி, இரத்தக்கசிவு, நீர்த்தேக்கம் இல்லையென்று காட்டும். ஹிப்போகம்பஸ் பகுதி சுருங்கியிருந்தால் எமது சந்தேகத்துக்குப் பலம் சேர்க்கும். அதை நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஆனால் வன்னியில் எம்.ஆர்.ஐ. எழுதுமுன் ஒரு கேள்வி கட்டாயம்: உடம்பில் செல் துண்டு இருக்கிறதா? அந்த இயந்திரத்தின் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை அசைக்கக்கூடும். எமது நோயாளர் பலர் அதை மறந்தே போயிருப்பார்கள். மறதியால் அல்ல, எல்லோருக்கும் இருப்பதால். அப்படிப்பட்டவருக்கு சி.ரி. ஸ்கானோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

1901 இல் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையில் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் 51 வயதான ஒரு பெண்ணைக் கண்டார். பெயர் ஒகுஸ்தே டேற்றர். கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார். அந்தக் கேள்வி பதில்களை அவர் வரிவரியாக எழுதி வைத்தார். 1906 இல் அப்பெண் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கலங்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே நார்ச்சிக்கல்கள். அதே ஆண்டு நவம்பரில் ரூபிங்கன் நகரில் அதைப் பற்றிப் பேசினார். சபையில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லையாம். உங்களிடம் நாம் அப்படி எதிர்பார்க்கவில்லை. 1910 இல் அவருடைய தலைமை வைத்தியர் கிரெப்பெலின் தமது பாடநூலில் நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். அதன்பின் நூறு வருடத்துக்குக் கிட்ட, நோய் இதுதானென்று உறுதியாகச் சொல்ல இறந்தபின்தான் முடிந்தது.

இப்போது உயிருடனிருக்கும்போதே அந்தப் படிவுகளைக் காணலாம். அமிலொயிட் பெற் ஸ்கான், முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனை, 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதித்த இரத்தப் பரிசோதனை. அந்த இரத்தப் பரிசோதனை 55 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்கு, விசேட வைத்தியரின் கையில் பயன்படுத்துவதற்கு. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் சும்மா செய்து பார்க்க அல்ல. படிவு இருந்தும் ஆயுள்வரை மறதி வராதவர்கள் உண்டு. 2023 இல் முழு அனுமதி பெற்ற லெகனமாப் என்ற ஊசிமருந்து நோயை நிறுத்துவதில்லை, ஆரம்ப நிலையில் சிறிது மந்தமாக்குகிறது. இரு வாரத்துக்கொரு முறை ஏற்றி, மூளை வீக்கமும் கசிவும் வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. பார்க்கவேண்டும். நாயாற்று ஆச்சிக்கு அது வரும் காலத்தை நாம் இப்போது நினைக்கவில்லை. டொனெப்பெசில் குளிசை 1996 இலிருந்து இருக்கிறது. சிலருக்குச் சில காலம் உதவுகிறது.

ரீச்சரின் கதையை முடிக்கவேண்டும். பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன, ஸ்கானில் மட்டும் சுருக்கம். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்தோம், இறங்கியிருந்தது. பிள்ளைகள் தொலைபேசியில், "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர், உடைஞ்சுபோவா" என்றார்கள். அறைக்குள் ரீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நீர் சொல்லும் பிள்ளை. நான் முப்பது வருசம் பிள்ளையளுக்கு றிப்போட் எழுதினனான். பெறுபேறு பிள்ளைக்குத்தான் முதல் தெரியவேணும்."

சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு ஒரு கொப்பி எடுத்து, செய்யவேண்டியவற்றைக் கேட்டு எழுதினார். கையெழுத்துச் செல்லுபடியாகும் காலத்துக்குள் வீட்டுக்கு உறுதி முடித்தார், வங்கிக் கணக்கில் மகளின் பெயரையும் சேர்த்தார், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைத்தார். பழைய மாணவர்கள் நாலுபேரைக் கூப்பிட்டு, அடுத்த தரம் வரும்போது பெயர் சொல்லிக்கொண்டு வாருங்கள் என்றார். அதெல்லாம் நடந்து மூன்று வருடம். இப்போது எம்மைக் கண்டால் எந்த வகுப்பு என்று கேட்கிறார். பத்தாம் வகுப்பு என்கிறோம். நல்லாப் படியும் என்கிறார்.

தூரத்திலிருக்கும் மகள்மாருக்கு ஒரே ஒரு வேலை தருகிறோம். அடுத்த தடவை அம்மாவோடு கதைக்கும்போது முதலில் ஒரு புதுச் செய்தியைச் சொல்லுங்கள், பேத்தி நீச்சலில் இரண்டாமிடம் வந்தாள் என்பதுபோல. கால் மணித்தியாலம் வேறு கதை கதையுங்கள். வைக்குமுன் அதைப் பற்றிக் கேளுங்கள். தப்பினால் ஒருநாள் தப்பலாம். திரும்பத் திரும்பத் தப்பினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அடுப்பு, கட்டணம், குளிசை, வழி ஆகிய நாலையும் விசாரித்து, ஆறு மாதத்து மாற்றத்தைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அந்தத் தாள் எமக்கு ஸ்கானைவிடப் பெறுமதி. காதையும் கண்ணையும் முதலில் காட்டுங்கள். கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் இருக்கிறது, பராமரிப்பவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள்.

மண்டப வாசலில் அந்தத் தாளின் மாதிரியை, தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். 200 பிரதிதான், ஒருவர் ஒன்று எடுங்கள். கேள்விகளை இப்போதே கேட்கலாம். மறந்துவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேளுங்கள், பின்வரிசையில் இருப்போம்.